அப்பா மறந்ததை மகன் பாடுகிறார்

1984-இல் ஸ்காட் யங் என்ற கனடியப் பத்திரிகையாளர் தன் மகனைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பெயர் ‘நீல் அண்ட் மீ’. நாளிதழ்ப் பத்திகளாலும் ஐஸ் ஹாக்கி எழுத்துகளாலும் நாடெங்கும் அறியப்பட்டவர் ஸ்காட். சிறுவர்களுக்கு ஹாக்கி நாவல்கள் எழுதியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர்ச் செய்திகளும் எழுதியிருக்கிறார். 1951-இல் ஒன்டாரியோ மாகாணத்தின் ஓமெமீ என்ற சிற்றூரில், ஆறு வயதுகூட நிரம்பாத மகனை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. டொரொண்டோ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையன் பிழைத்து வந்தான். அந்த வயதில் அவனுக்கு எவ்வளவு நினைவில் நின்றிருக்கும்? எல்லாவற்றையும் தகப்பன் எழுதி வைத்திருந்தார். பின்னாளில் பாடகரான அந்த மகன் நீல் யங்கின் பிள்ளைப் பருவத்தைப் பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

அப்படி எழுதிய மனிதருக்குக் கடைசிக் காலத்தில் மறதிநோய் வந்தது. சேர்த்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுப் போயிற்று.

2005-இல் மகன் வெளியிட்ட ‘ப்ரெய்ரி விண்ட்’ ஆல்பத்தை இந்த இடத்திலிருந்து கேட்கத் தொடங்க வேண்டும். பொதுவாக அதை அறிமுகம் செய்பவர்கள் வேறு கதையிலிருந்து தொடங்குவார்கள். அதுவும் உண்மைக் கதைதான். 2005 மார்ச் மாதம் நியூயார்க்கில் நடந்த ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில் ப்ரிடெண்டர்ஸ் குழுவை வரவேற்று நீல் யங் பேசினார். அதையடுத்து அவர் பார்வையில் ஏதோ பிசகு தென்பட்டது. கண்ணாடிச் சில்லு ஒன்று கண்ணுக்குள் கிடப்பதுபோல ஒரு தோற்றம். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்று பலவீனப்பட்டுப் புடைத்திருப்பது தெரிந்தது. மருத்துவத்தில் இதை அனியூரிசம் என்பார்கள். வெடித்தால் உயிருக்கே ஆபத்து. மாதக் கடைசியில் சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அப்போது அவருக்கு வயது 59.

நடுவில் கிடைத்த நாட்களில் அவர் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்துக்குப் போய் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்தார். ஆல்பத்தின் பெரும்பகுதி அங்கே, அந்தச் சில நாட்களில், எழுத எழுதப் பதிவானது. முன்கூட்டியே எழுதி முடித்த பாடல்களோடு அவர் போகவில்லை. ஒன்றை எழுதுவார், வாத்தியக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவார், சேர்ந்து பதிவு செய்வார்கள், பிறகு அடுத்தது.

இதைக் கேட்டவுடன் ‘மரணத்தின் நிழலில் பாடிய ஆல்பம்’ என்று எழுதத் தோன்றும். பலர் எழுதவும் செய்தார்கள். ஆனால் பத்துப் பாடல்களையும் வரிசையாகக் கேட்டால், சாவைப் பற்றிய பேச்சு அதில் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு. அப்பா இருக்கிறார். பெரிய பெண்ணாகிவிட்ட மகள் இருக்கிறாள். சிறு வயதில் பார்த்த ஆறு இருக்கிறது, ஒரு பழைய கிட்டார் இருக்கிறது, எல்விஸ் பிரெஸ்லிகூட இருக்கிறார். அப்பாவின் தலைக்குள் இருந்ததெல்லாம் அழிந்துகொண்டிருக்கிறது. தன் தலைக்குள்ளும் என்ன ஆகுமென்று தெரியாது. அந்த நிலையில் ஒருவர் தன்னிடம் மிச்சமிருக்கும் ஞாபகங்களை எடுத்து, பத்திரமான ஓரிடத்தில் வைக்கிறார். இந்த ஆல்பம் அந்த வேலைதான்.

தலைப்புப் பாடலிலேயே அது தெரியும். ப்ரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுவே மரமில்லாமல் விரியும் புல்வெளி நிலம். கனடாவின் மனிடோபா மாகாணம் அதில் அடங்கும். ஸ்காட் யங் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். பாடலில் மகன், அப்பா சொன்ன ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள முயல்கிறார். காலம் அப்பாவின் நினைவைக் கொண்டுபோவதற்கு முன் சொன்னது அது. என்ன சொன்னார் என்பது பிடிபடுவதாயில்லை. பின்னணியில் பித்தளைக் கருவிகள் காற்றைப்போலவே வந்து வந்து மோதிப் போகின்றன. ஏழு நிமிடத்துக்கு மேல் நீளும் பாட்டு. அதற்குள் எந்த விஷயமும் ‘முடிவதில்லை’, அந்த இழுபறியே பாட்டு. மறதிநோய் வந்த பெரியவரோடு ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த நிலை அன்னியமாக இருக்காது. சொன்னதையே திரும்பக் கேட்பதும், பாதியில் நிற்கும் பேச்சை நாமே முடித்துவைக்கப் பார்ப்பதும் அந்த வீடுகளின் அன்றாடம்.

‘ஃபார் ஃப்ரம் ஹோம்’ பாடலில் ஒரு குடும்பக் காட்சி வருகிறது. அப்பா கிட்டார் வாசித்துப் பாடுகிறார், சித்தப்பா ஒருவர் பியானோவில் உட்கார்ந்திருக்கிறார், உறவுக்காரப் பெண்கள் கூடச் சேர்ந்து பாடுகிறார்கள். இசை என்பது புகழுக்கோ பணத்துக்கோ உரியதாக ஆவதற்கு முன், வீட்டுக் கூடத்தில் நடந்த ஒன்றாக இருந்த காலம். ஒரு பிளாஸ்டிக் யுகுலேலியில் தொடங்கிய பையன் அவர். அந்த உற்சாகம் பாட்டின் தாளத்திலேயே இருக்கிறது.

உண்மை வாழ்க்கை இவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. 1960 வாக்கில் ஸ்காட்டும் மனைவி ராசியும் பிரிந்தார்கள். அண்ணன் பாப் அப்பாவோடு இருந்துவிட்டார். பதினான்கு வயது நீல் அம்மாவோடு மனிடோபாவின் தலைநகரான வின்னிபெக்குக்குப் போனார். அங்கே ஸ்கொயர்ஸ் என்ற குழுவைத் தொடங்கி ஊர் ஊராக வாசித்தபோது அவருக்கு முழு பக்கபலமாக நின்றது அம்மாதான். அப்பாவிடம் ஆம்ப்ளிஃபயர் வாங்க உதவி கேட்டபோது, முதலில் பள்ளியில் மதிப்பெண் ஏறட்டும் என்ற பதில் வந்தது. இந்தக் கசப்புகளை ஸ்காட்டே தன் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆல்பத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. விவாகரத்து இல்லை, கோபம் இல்லை, வீடு மாறிய சிறுவனின் தனிமை இல்லை. இதைக் குறை என்று சொல்ல இடமுண்டு. நினைவுகளைப் பேசும் ஆல்பம் இவ்வளவு நல்லதை மட்டும் பொறுக்கி எடுக்கலாமா? எடுக்கலாம். பத்திரிகையாளரான அப்பாவின் கடமை நடந்ததையெல்லாம் எழுதுவது, அவர் எழுதிவிட்டார். ஆபரேஷனுக்கு நாள் குறித்த மகனுக்கு, எதை மேலே வைத்துக்கொள்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. அப்பா மடியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட நிமிடத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.

ஆல்பம் முழுக்க ஊர் விரிகிறது. ‘இட்ஸ் எ ட்ரீம்’ பாடலில் வின்னிபெக் வழியாக ஓடும் ரெட் ரிவர் வருகிறது. வயலின் கூட்டம் மெதுவாக எழும்ப, அதன்மேல் யங்கின் உயர்ந்த, லேசாக நடுங்கும் குரல். அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்பவர்கள் முகம் சுளிப்பதுண்டு. பயிற்சி பெற்ற பாடகரின் குரல் இல்லை அது. ஆனால் அறுபதை நெருங்கும் வயதில், சிறுவனாக மீன் பிடித்ததைப் பாடும்போது அந்த நடுக்கத்துக்கு வேறெந்தக் குரலாலும் தர முடியாத ஒரு பொருத்தம் வந்துவிடுகிறது. அந்த வசந்தத்தில் அவர் உண்மையாகவே வின்னிபெக் போயிருக்க வேண்டும். கனடாவின் ஜூனோ இசை விருது விழா 2005 ஏப்ரல் 3 அன்று அங்கே நடந்தது. அவர் பாடுவதாக இருந்தது. மார்ச் கடைசியில் நியூயார்க்கில் சிகிச்சை முடிந்தது. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மூளைவரை கொண்டுபோய்ப் புடைப்பை அடைக்கும் முறை. ஓரிரு நாள் கழித்து நடக்கப் போனவருக்குக் குழாய் செலுத்திய துளை திறந்துகொண்டு ரத்தம் கொட்டியது; தெருவிலேயே விழுந்தார். வின்னிபெக் பயணம் ரத்தானது. சொந்த ஊரைப் பற்றி அப்போதுதான் பாடி முடித்திருந்தவரால் அங்கே போக முடியவில்லை.

இந்த ஆல்பம் எப்படி ஒலிக்கிறது என்று சொல்லாமல் அதன் அருமையைச் சொல்ல முடியாது. முக்கியமான பெயர் பென் கீத். பெடல் ஸ்டீல் கிட்டார் வாசிப்பவர், யங்கோடு சேர்ந்து இந்த ஆல்பத்தைத் தயாரித்தவர். அந்த வாத்தியம் மேசைபோலத் தட்டையாக நிற்கும். இடது கையில் ஒரு இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் நகர்த்த வேண்டும், கால் பெடல்களை அழுத்த வேண்டும், முழங்காலாலும் தள்ள வேண்டும். சுரம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டே போகும். 1961-இல் வெளிவந்த, பாடகி பேட்ஸி க்ளைனின் ‘ஐ ஃபால் டு பீஸஸ்’ பாட்டில் வாசித்தவர் கீத். நாஷ்விலில் வேகமாக வாசித்துக் காட்டும் திறமைசாலிகளுக்குப் பஞ்சமில்லை. கீத் குறைவாக வாசிப்பார். ஒரு நீண்ட சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடகருக்குப் பின்னால் நிற்பார்.

மற்றவர்களும் அப்படித்தான். விசைப்பலகையில் ஸ்பூனர் ஓல்டம். பெர்ஸி ஸ்லெட்ஜும் அரீதா ஃப்ராங்க்ளினும் 1960களில் பாடிய பெரும் பாடல்களில் வாசித்த அலபாமாக்காரர். ட்ரம்பெட்டுக்கு மெம்ஃபிஸ் நகரத்தின் வேய்ன் ஜாக்சன், ஓடிஸ் ரெடிங்கோடு வாசித்தவர். பேஸ் கிட்டாரில் ரிக் ரோசாஸ். கூடப் பாட எம்மிலூ ஹாரிஸும், யங்கின் மனைவி பெகியும். இரண்டு பாடல்களில் ஃபிஸ்க் பல்கலைக்கழகப் பாடகர் குழு சேர்கிறது. அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்களின் கல்விக்காக 1866-இல் நாஷ்விலில் தொடங்கிய நிறுவனம் ஃபிஸ்க். பணமில்லாமல் மூடப்படும் நிலை வந்தபோது, 1871-இல் அதன் மாணவர்கள் குழுவாகக் கிளம்பி, முன்னோர்களின் பக்திப் பாடல்களை ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டி அதைக் காப்பாற்றினார்கள். இந்த மரபு ஆல்பத்தின் கடைசிப் பாடலான ‘வென் காட் மேட் மீ’யில் யங்கின் பியானோவுக்குப் பின்னால் எழுகிறது. அந்தப் பாட்டு முழுக்கக் கேள்விகளாலானது: படைத்தவர் ஒரு மதத்தாரை மட்டும் மனதில் வைத்தா படைத்தார் என்ற வகைக் கேள்விகள். தாளில் படித்தால் எளிமையாகத் தோன்றும். அந்தப் பாடகர்கள் சேரும்போது எளிமை பலமாகிறது.

நாஷ்விலுக்கும் யங்குக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1971 பிப்ரவரியில் பாடகர் ஜானி கேஷின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக அவர் அங்கே வந்தார். வந்த இடத்தில் உள்ளூர் வாத்தியக்காரர்களைத் திரட்டி ஒலிப்பதிவு தொடங்கினார். பென் கீத் அப்போதுதான் சேர்ந்தார். அதே நிகழ்ச்சிக்கு வந்திருந்த ஜேம்ஸ் டெய்லரும் லிண்டா ரான்ஸ்டாட்டும் கூடத்துக்கு வந்து கூடப் பாடினார்கள். ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பம் அப்படிப் பிறந்தது. 1972-இல் அமெரிக்காவில் அதிகம் விற்ற ஆல்பம் அது. ‘ஹார்ட் ஆஃப் கோல்ட்’ பாட்டு முதலிடத்துக்குப் போனது. அவர் பாடி முதலிடம் பிடித்த ஒரே பாட்டும் அதுதான். வேறு யாராக இருந்தாலும் அடுத்த பத்தாண்டுக்கு அதே பாணியில் பாடியிருப்பார்கள். யங் அந்த வழியிலிருந்து வேண்டுமென்றே விலகி, முரட்டுத்தனமான, இருண்ட ஆல்பங்களுக்குப் போனார். 1980களில் அவர் செய்த மாற்றங்களைப் பொறுக்காமல், அவருடைய இசைபோலவே இல்லை என்று அவருடைய கம்பெனியே வழக்குப் போட்டது. இடையிடையே அவர் நாட்டுப்புற ராக் இசைக்குத் திரும்புவார்: 1978-இல் ‘கம்ஸ் எ டைம்’, 1992-இல் ‘ஹார்வெஸ்ட் மூன்’. கடைசியாகச் சொன்னதை 1991-இன் பேரிரைச்சலான சுற்றுப்பயணத்தால் காதுகள் பாதிக்கப்பட்ட பிறகு பதிவு செய்தார்.

இந்த வரிசையில்தான் ‘ப்ரெய்ரி விண்ட்’ வருகிறது. ‘ஹார்வெஸ்ட்’ அளவுக்குப் பாடல்கள் கச்சிதமாக இல்லை என்பது உண்மை. எல்விஸைப் பற்றிய ‘ஹி வாஸ் த கிங்’ கொண்டாட்டமாக வாசித்த ஒன்று. கேட்கும் நமக்கு அத்தனை தேவைப்படவில்லை. ‘நோ வொண்டர்’ பாட்டில் ஒரே நேரத்தில் பல செய்திகள் முட்டிக்கொள்கின்றன. ‘ஹியர் ஃபார் யூ’ வீட்டை விட்டுப் போகும் மகளுக்கு எழுதியது. பிள்ளையைப் பிடித்து வைக்காமல், கூப்பிட்டால் வருவேன் என்று மட்டும் சொல்லும் தகப்பனின் குரல். ஒரு அப்பாவை இழந்துகொண்டே இன்னொரு அப்பாவாக இருப்பது எப்படி என்பது, தலைப்புப் பாடலை அடுத்து இதைக் கேட்கும்போது புரியும். ஆல்பத்தில் தலைப்புப் பாடலுக்கு அடுத்தே இதுவும் வருகிறது.

‘திஸ் ஓல்ட் கிட்டார்’ தனியாகச் சொல்ல வேண்டிய பாட்டு. எம்மிலூ ஹாரிஸ் உடன் பாடுகிறார். மெட்டில் ‘ஹார்வெஸ்ட் மூன்’ பாட்டின் சாயல் அப்படியே தெரிகிறது, யங் அதை மறைக்கவும் பார்க்கவில்லை. பாட்டுக்கு உரிய கிட்டார் 1941-இல் செய்த மார்டின் டி-28. ஒருகாலத்தில் ஹேங்க் வில்லியம்ஸுக்குச் சொந்தமானது. அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுக்கு இன்றுவரை இலக்கணமாக நிற்கும் வில்லியம்ஸ், 1953 ஜனவரி முதல் நாள், கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்னிருக்கையில் இறந்தார். வயது 29. அந்தக் கிட்டாரை 1970களில் நாஷ்விலில் டட் டெய்லர் என்ற வாத்தியக்காரரிடமிருந்து யங் வாங்கினார். தேடித் தந்த க்ரான்ட் போட்ரைட் இந்த ஆல்பத்திலும் வாசித்திருக்கிறார். கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டியில் யங் பூட்டி வைக்கவில்லை. மேடையில் வாசிக்கிறார். பாப் டிலனுக்குக் கொஞ்ச காலம் இரவல் கொடுத்திருந்ததாகவும் சொல்லியிருக்கிறார். தான் அதற்கு உரிமையாளர் இல்லை, தன் காலம் வரை வைத்திருப்பவர் மட்டுமே என்பது பாட்டின் கருத்து. ஞாபகத்தைப் பற்றியும் அவர் அதையேதான் இந்த ஆல்பம் முழுக்கச் சொல்கிறார்.

ஸ்காட் யங் 2005 ஜூன் 12 அன்று, 87 வயதில் காலமானார். மூன்று வாரத்துக்குள், ஜூலை 2 அன்று, ஒன்டாரியோவின் பாரி நகரில் நடந்த லைவ் 8 நிகழ்ச்சியில் மகன் மேடையேறி ‘வென் காட் மேட் மீ’ பாடினார். செப்டம்பரில் வெளிவந்த ஆல்பத்தில் அப்பாவுக்கும் காணிக்கை இருந்தது.

அதற்கு முன், ஆகஸ்டில், புதுப் பாடல்கள் முழுவதையும் இரண்டு இரவு நாஷ்விலின் ரைமன் அரங்கத்தில் பாடினார். இயக்குநர் ஜோனத்தன் டெம்மி அதைப் படமாக்கினார். ‘நீல் யங்: ஹார்ட் ஆஃப் கோல்ட்’ என்ற அந்தப் படம் 2006-இல் வந்தது. ஆல்பத்தைவிடப் படத்தையே முதலில் பார்க்கலாம். ரைமன் 1892-இல் ஒரு பிரார்த்தனைக் கூடமாகக் கட்டப்பட்டது. இன்னமும் இருக்கைகள் தேவாலய மரப்பலகைகள்தாம். 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி வானொலி நிகழ்ச்சி அங்கிருந்துதான் ஒலித்தது. ஹேங்க் வில்லியம்ஸ் அந்த மேடையில் புகழ்பெற்றார். குடியால் 1952-இல் அந்த நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய கிட்டார் யங்கின் கையில் அந்த மேடைக்குத் திரும்பி வந்தது. ஜானி கேஷின் 1971 நிகழ்ச்சி படமானதும் இதே அரங்கத்தில்தான். டெம்மியின் கேமரா பார்வையாளர்கள் பக்கம் அதிகம் திரும்புவதில்லை. வாசிப்பவர்களின் முகங்களை விட்டு நகர மனமில்லாமல் நிற்கிறது: பென் கீத் கண்ணை மூடுவது, பெகி கணவரைப் பார்ப்பது.

படத்தின் பின்பாதியில் யங் ‘ஓல்ட் மேன்’ பாடுகிறார். 1970-இல் கலிஃபோர்னியாவில் பண்ணை ஒன்றை வாங்கியபோது, அங்கே வேலை பார்த்த முதியவரைப் பற்றி, இருபத்துநான்கு வயதில் எழுதியது. பாடலில் இளைஞன் முதியவரைப் பார்த்துப் பேசுகிறான். ரைமனில் பாடும்போது பாடகருக்கே அந்த முதியவரின் வயது நெருங்கிவிட்டது. ஒரு வார்த்தையையும் மாற்றாமல் அப்படியே பாடுகிறார்.

அந்த மேடையிலும் கேமராவுக்குப் பின்னாலும் நின்றவர்களில் பலர் இன்று இல்லை. பென் கீத் 2010-இல் போனார், ரிக் ரோசாஸ் 2014-இல், டெம்மி 2017-இல். யங்கிடமிருந்து 2014-இல் மணவிலக்குப் பெற்ற பெகி 2019-இன் முதல் நாள் காலமானார். விடைபெறும் ஆல்பம் என்று பலர் எண்ணிய ஒன்றைப் பாடியவர் மட்டும் விடைபெறுவதாயில்லை. ‘ப்ரெய்ரி விண்ட்’ வந்து எட்டு மாதத்துக்குள், 2006 மே மாதம், ஈராக் போரை எதிர்த்து ‘லிவிங் வித் வார்’ ஆல்பத்தை வெளியிட்டார். மின்கிட்டாரின் உறுமலும் நூறு பேர் கொண்ட பாடகர் குழுவுமாக, அதிபர் புஷ்ஷைப் பதவியிலிருந்து நீக்கச் சொல்லும் பாட்டு ஒன்று அதில் இருந்தது. அந்தக் கோடையில் க்ராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ் ஆகிய பழைய கூட்டாளிகளோடு அதை நகரம் நகரமாகக் கொண்டுபோனார். அட்லாண்டாவில் அந்தப் பாட்டைப் பாடியபோது ஒரு கூட்டம் கூச்சலிட்டு எழுந்து வெளியே போனது. அவர் பாட்டை நிறுத்தவில்லை.